ஒரு ஜோடி இரும்புப் படி

அதைத் தொடாதீங்க தம்பி, சுடும். காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. அந்தச் சாக்கை மேலே போட்டுப் புரட்டிப் பாருங்க. வண்டிக் கதவுக்குக் கீழே மாட்டுகிறது, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. போல்ட்டெல்லாம் இந்தப் பையில். ஒரு கீறல் கண்டுபிடிக்க முடியாது. போட்டு நாலு மாதம் ஆகிறது, ஆனால் இதோடு வண்டி ஒழுங்காக வெளியே போனது ஒரே ஒரு நாள்.

ஏன் கழற்றி விற்கிறேன் என்று போனிலேயே கேட்டீங்க. நேரில் வாங்க, சொல்கிறேன் என்றேன். திருப்பூரிலிருந்து இந்த வெயிலில் வந்திருக்கீங்க, இப்படி நிழலுக்கு வாங்க. காபி போடத் தெரியாது, தண்ணீர் குடிங்க. வீட்டில் நான் மட்டும்தான்.

பெர்த்தில் பத்தொன்பது வருஷம் இருந்தேன், சுரங்கக் கம்பெனியில். மனைவியும் மகளும் இன்னும் அங்கேதான், பெண்ணுக்குப் படிப்பு முடியவில்லை. நான் மட்டும் முந்திக்கொண்டு வந்தது அம்மாவுக்காக. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அம்மாவுக்காகத்தான் வந்தேன், வண்டி வாங்கியதும் அம்மாவுக்காகத்தான். அப்பா போன பிறகு அவள் இந்த வீட்டில் தனியாக இருந்தாள். சூலூரில் என் தங்கை பூங்கொடி இருக்கிறாள், அவள் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. எங்கள் குலதெய்வம் கோயில் மலைமேல் இருக்கிறது, நடக்க முடியாமல் எட்டு வருஷமாக அவள் அங்கே போகவில்லை. அம்மாவைக் கோயில் வாசல்வரை வண்டியிலேயே கொண்டுபோய் இறக்க வேண்டும், கடைசிவரை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. இதில் தப்பு இருந்தால் சொல்லுங்க.

பூங்கொடி சொன்னாள், "மலைக்குச் சிமெண்டு ரோடு போட்டு ரெண்டு வருஷமாச்சுண்ணா, ஆட்டோவே மேல போகுது, இத்தாப்பெரிய வண்டி எதுக்கு?" என்று. ரோடு போட்ட பிறகு அது என்ன மலை? நம் ஆட்களுக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. கண்ணில் பட்டதையெல்லாம் மெழுகிவிட வேண்டும்.

சரி, வண்டி வந்தது. உங்களிடமும் அதே வண்டிதான், நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே கால் வைக்கிற தரை என் முழங்காலுக்கு மேலே ஒரு சாண். நானே கைப்பிடியைப் பிடித்து எம்பித்தான் ஏறுகிறேன். அம்மா வந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "ஏணி தருவாங்களா சாமி?" என்றாள். எங்கள் பக்கம் மகனைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிரித்தேன். படி போட்டுவிடலாம்மா என்றேன்.

அப்புறம்தான் இந்த ஊர்க் கடைகளைப் பார்த்தேன் தம்பி. குமட்டியது. நான் மிகைப்படுத்தவில்லை. பளபளவென்று குரோம் பூசிய குழாய், கதவைத் திறந்தால் நீல விளக்கு எரிகிற பலகை, புலி நகம் பதித்த பிளாஸ்டிக். ஒரு கடையில் படியின்மேல் வண்டிப் பேரைத் தப்பான எழுத்துகளோடு ஒட்டி வைத்திருந்தான். கேட்டால், "லுக்கா இருக்கும் சார்." எல்லாவற்றுக்கும் லுக். காட்டில் கல்லும் ஆறுமாகப் போகிறதற்குச் செய்த வண்டியை, கல்யாண ஊர்வலத்துக்குச் சோடிக்கிற மாதிரி சோடிக்கிறார்கள். அந்தக் கடைகளில் நின்ற நேரத்தை நினைத்தால் இப்போதும் கையைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. ஞானசேகர் என்று பேர், காந்திபுரம் பக்கம் சின்னக் கடை. நான் வண்டியின் உயரம், கல்லில் ஏறும் கோணம், அடிப்பக்கம் தட்டாமல் இருக்க எத்தனை அங்குலம் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தக் காகிதத்தை அவர் வாங்கவேயில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. "வீட்ல யாருங்க ஏறுவாங்க?"

பாருங்க. எங்கே ஓட்டுவீங்க என்று கேட்கவில்லை. எந்தப் பாதை என்று கேட்கவில்லை. யார் ஏறுவாங்க.

அந்தக் கடைச் சுவரைப் பார்த்திருக்க வேண்டும் நீங்க. சுவர் முழுக்கச் சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு பேர், ஓர் ஊர். பல்லடம் செல்லாத்தாள், அன்னூர் மாரண்ணன். அவருடைய தொழில்முறை அது. படி வாங்க வருகிறவன் வீட்டில் வயசானவர் யாரோ, அவரைக் கூட்டிவர வேண்டும். சுவரோரமாக நிற்க வைத்து, சிரமமில்லாமல் கால் எவ்வளவு உயரம் வருகிறதோ அங்கே ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குத்தான் படி. "சேலை கட்றவங்களுக்கு ரெண்டு வெரக்கடை ஒசரங் கம்மி பண்ணோணுமுங்க. நாலு பேரு முன்னாடி சேலையத் தூக்கிட்டு ஏற மாட்டாங்க, வாயத் தொறந்து சொல்லவும் மாட்டாங்க," என்றார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இவர் மெக்கானிக்கா, தையல்காரரா? அவர் காட்டிய படி என்ன தெரியுமா? அகலமான பலகை, மேலே கனத்த ரப்பர், வண்டிக்கு வெகு கீழே தொங்குகிறது. அசல் டவுன் பஸ் படிக்கட்டு. காட்டில் முதல் கல்லிலேயே பிய்ந்துகொண்டு போகும்.

"நான்தாங்க ஏறுவேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பொய் இல்லை. ஓட்டுகிறவன் நான்தானே.

அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு கூட்டத்தோடு ஆனைகட்டிப் பக்கம் காட்டுக்குள் ஓட்டப் போவேன். இருபது இருபத்தைந்து வண்டி வரும். அதற்குத் தலைவர் மாதிரி தீரஜ் என்று ஒரு பையன், மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை. அந்தக் கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அவர் அந்த மாதிரி ரப்பர்ப் பலகையைப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குப் பேர் கண்டக்டர். அவர் வண்டி நின்றால் யாராவது விசில் அடிப்பான், இன்னொருத்தன் "உக்கடம் எறங்கு" என்பான். மூன்றாவது வாரம் டாக்டர் வருவதை நிறுத்திவிட்டார். மற்றவன் பேச்சுக்கெல்லாம் நான் ஆடுகிறவன் இல்லை. நானும் விசில் அடித்தேன் என்பது வேறு விஷயம். அது சும்மா ஒரு சிரிப்புக்கு.

கணபதியில் ஒரு பட்டறை இருக்கிறது, இந்தக் கூட்டத்துக்கு வேலை செய்கிற இடம். அங்கே நானே படம் வரைந்து கொடுத்துச் செய்தது இது. தட்டிப் பாருங்க. சாக்கோடு தட்டுங்க. மூன்று மில்லிமீட்டர் கனம். சேஸிஸோடு போல்ட் போடுகிறது, வண்டியின் மொத்தப் பாரத்தையும் இதன்மேல் ஏற்றலாம். மேல்தகட்டில் துளை போட்டு விளிம்பைப் பல்லாக எழுப்பியிருக்கிறேன், சேற்றோடு பூட்ஸ் வைத்தாலும் வழுக்காது. கறுப்பு நான்தான் சொன்னேன். மங்கின கறுப்பு, கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்பு இல்லை. பட்டறைக்காரனே, "வெள்ளி கலரே இருக்கட்டுங்களே, வெயிலுக்குக் கறுப்பு ஆகாதுங்க," என்றான். வெள்ளியா? சீ.

பூங்கொடி பார்த்துவிட்டு, "இது படியா, தேங்காத் துருவியா?" என்றாள். அவளுக்கு எதிலும் நக்கல். அப்போதே இன்னொன்றும் சொன்னாள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடக்கிறாள் என்று. நான் சரி என்றேன். சர்க்கரை என்றால் எல்லோருக்கும் இருக்கிறதுதானே என்று நினைத்தேன். அவள் எதையும் பெரிதாகச் சொல்லுகிறவள்.

வண்டிக்குப் பூஜை போட வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நேரம் குறித்திருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பிள்ளையார் கோயில். படி இல்லாமல் அம்மா ஏற மாட்டாள், அம்மா ஏறாமல் பூஜை எதற்கு? முதல் நாளே தருகிறேன் என்ற பட்டறைக்காரன், பெயிண்ட் காயவில்லை என்று மறுநாள் ஒன்பதரைக்குத்தான் வண்டியை விட்டான். பத்தரைக்கு ராகு காலம் பிடித்துவிடும், அதற்குள் போய்ச் சேர முடியாது. அது பன்னிரண்டு மணிவரை இருக்கிறது. அதனால் உச்சி வெயிலில் பூஜை, சித்திரை மாதத்து வெயிலில். என் பிழையா இது? பட்டறைக்காரன் சொன்ன நேரத்துக்குக் கொடுத்திருந்தால் வெயில் வரும் முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

வண்டி ஒன்றரை மணி நேரம் கோயில் முன்னால் நின்றது. ஐயர் வந்தார். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான் அம்மா காலில் விழுந்து கும்பிட்டேன். சுருக்கம் விழுந்த விரல், நரம்பு புடைத்த பாதம். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் அவள் செருப்பைக் கழற்றினாள்.

நான் சொல்லவில்லை. கழற்று என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூஜை போட்ட வண்டி, சாமி வண்டி, செருப்போடு எப்படி ஏறுவது என்று அவளாகவே கழற்றி, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள். போட்டுக்கொண்டே ஏறும்மா என்றும் நான் சொல்லவில்லை. உள்ளே புதுத் தரைவிரிப்பு. செம்மண் ஒட்டினால் போகவே போகாது.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். கால் எட்டுவதற்கே சேலையைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது. பின்னால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிற்கிறது. ஒரு கையால் சேலையை இறுக்கிக்கொண்டாள், அதனால் மேலே எம்ப முடியவில்லை. அங்கேயே நின்றாள். அப்போது தீரஜ், "அம்மா, அப்படியே நில்லுங்க, சூப்பரா இருக்கு," என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். நானும், "அப்படியே நில்லும்மா," என்றேன். முதலில் எடுத்ததில் வெளிச்சம் எதிரே அடித்துவிட்டது என்று இந்தப் பக்கம் வந்து எடுத்தான். மாலை படியை மறைக்கிறது என்று நான் போய் நகர்த்தினேன். அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள் தம்பி. ஒரு முகச்சுளிப்பு இல்லை. அரை நிமிஷம்தான் இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு படங்களில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்தேன். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் இரண்டு நிமிஷம் பத்து விநாடி.

கடைசியில் நானும் தீரஜும் தூக்கித்தான் உட்கார வைத்தோம்.

சாயங்காலம் நானே வண்டியைத் துடைத்தேன். படியில் அந்தப் பல்பல்லாக இருக்கிற இடத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. காய்ச்சின பாலில் ஏடு படியும், பாருங்க, அந்த மாதிரி. மாலையிலிருந்து ஏதோ பிசின், இல்லையென்றால் கற்பூர மெழுகு என்று நினைத்தேன். புதுப் பெயிண்ட். எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். ஐயரைத் திட்டிக்கொண்டே நகத்தால் சுரண்டினேன். சுலபத்தில் வரவில்லை. துணியை நனைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன்.

வேண்டாம், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் வேண்டாம். நான் இந்த விரலால்தான் சாப்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி வந்தாள். வாசலில் செருப்பை விடும்போதே, "என்ன நாத்தம் இது?" என்றாள். எனக்கும் முதல் நாளே அடித்தது. எலி செத்திருக்கும் என்று பரணையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். அவள் நேரே போய் அம்மாவை உட்கார வைத்து, காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் திருப்பினாள். அம்மா, "என்னடி, என்ன?" என்று கேட்கிறாள். அவளுக்கே தெரியாது. பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும், அந்த உள்ளங்கால் மேடும் வெந்து கிடந்தன. நான் பார்த்தேன், உடனே கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது பூங்கொடி கேட்டாள். "மூணு நாளா ஒரே வீட்ல இருந்திருக்கியே. அம்மா காலை ஒருக்காப் பாக்கலையாண்ணா?"

என்ன கேள்வி இது? பெற்றவளின் உள்ளங்காலை யார் புரட்டிப் பார்க்கிறார்கள்? நீங்க பார்ப்பீங்களா? கும்பிடுகிறபோதுகூடப் பாதத்தின் மேற்பக்கம்தான் தெரியும்.

இரண்டு விரலையும் எடுத்தார்கள். முப்பத்தாறு நாள் ஆஸ்பத்திரி. கட்டு மாற்றுகிற நேரத்தில் நான் வெளியே போய்விடுவேன், அந்த மருந்து வாடையும் அதற்கு அடியில் இருக்கிற இன்னொரு வாடையும் என்னால் ஆகாது. பூங்கொடிதான் கிண்ணம் பிடிப்பாள். அந்தச் சமயத்தில் நம் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? அந்தப் படத்தைக் கூட்டத்தின் இணையப் பக்கத்தில் போட்டு, 'தாயின் ஆசியுடன் முதல் அடி' என்று எழுதியிருந்தான் தீரஜ். நானூறு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். எடுத்துவிடு என்று கேட்டதற்கு, "அண்ணா, இந்த வருஷமே அதுக்குத்தான் இவ்ளோ பேரு பாத்திருக்காங்க," என்றான். அந்த நிமிஷமே கூட்டத்தைவிட்டு வெளியே வந்துவிட்டேன். மனுஷங்களா அவர்கள்? படத்தை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டேன். அம்மா அதில் நன்றாக இருக்கிறாள்.

படியைக் கழற்ற ஞானசேகரிடம்தான் போனேன். வேறு யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஊரில் எதுதான் தெரியாமல் இருக்கும்? நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார், நானும் திருப்பி நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராகப் போனேன். அவர் கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். துணியைப் போட்டுத் தூக்கி ஓரமாகச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா சோறு உங்கறாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். எனக்கு அந்த ஆள்மேல் வந்த வெறுப்பு இருக்கிறதே, தீரஜ் மேல்கூட அப்படி வரவில்லை.

அவரிடமே இப்போது புதிதாக ஒன்று இருக்கிறது. மின்சாரப் படி. கதவைத் திறந்தால் தானாகக் கீழே இறங்கும், மூடினால் மடங்கி மேலே போய்விடும். காட்டிலும் தட்டாது, வயசானவருக்கும் எட்டும். மேலே ரப்பர். வெள்ளி கலரிலேயே வாங்கலாம் என்று முடிவுசெய்துவிட்டேன், பாருங்க, நான் ஒன்றும் பிடிவாதக்காரன் இல்லை. ஞானசேகர், "மொதல்ல அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, கோடு போட்டுக்கலாமுங்க," என்றார்.

போன திங்கட்கிழமை அதற்குத்தான் சூலூர் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா நேரே பூங்கொடி வீட்டுக்குப் போய்விட்டாள், கால் ஆறும்வரை என்று சொன்னார்கள். ஆறிவிட்டது. வாடகைக் காரில்தான் போயிருந்தேன், அங்கிருந்து ஞானசேகர் கடை முக்கால் மணி நேரம். அளவு கொடுத்துவிட்டு அப்படியே இங்கே கூட்டிவந்துவிடலாம் என்று அவள் அறையைச் சுத்தம் செய்து, கட்டிலைக்கூட ஜன்னலோரமாக மாற்றிப் போட்டிருந்தேன்.

அம்மா வாசலுக்கு வந்தாள். பூங்கொடி முன்னால் இறங்கி, குனிந்து, அம்மாவின் காலைக் கையில் எடுத்து உள்ளங்காலைத் தடவிப் பார்த்து, கட்டுகிற மாதிரி ஒரு செருப்பு வாங்கியிருக்கிறார்கள், அதை மாட்டிவிட்டாள். அப்புறம் அடுத்த கால். அப்புறம் படி இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் இதே வேலையாம். நான் காரில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தேன், அவர்கள் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கெப்படித் தெரியும்?

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கோபமெல்லாம் இல்லை தம்பி, அவளுக்குக் கோபப்படவே தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இங்க எல்லாம் தரையோட தரையா இருக்குது சாமி. நீ ஊருக்குப் போய்ப் பொண்டாட்டி புள்ளையப் பாரு," என்றாள்.

தரையோட தரையா. என்ன அர்த்தம் அதற்கு? பூங்கொடி வீட்டு வாசலில் இரண்டு படி இருக்கிறது. நானே எண்ணினேன். சந்தேகத்துக்கு டேப் வைத்து அளந்தும் பார்த்தேன். ஒவ்வொன்றும் பதினெட்டு சென்டிமீட்டர். கைப்பிடிகூடக் கிடையாது. அதில் தினம் ஏறி இறங்குகிறவளுக்கு என் வண்டியில் ஏற என்ன? மின்சாரப் படி இன்னும் நன்றாகவே கீழே இறங்கும், ரப்பர் சுடாது, பக்கத்திலேயே பிடித்துக்கொள்ளக் கம்பி. அங்கேயே வாசலில் நின்று எல்லாவற்றையும் போனில் படம் போட்டுக் காட்டினேன். கதவைத் திறந்தால் இரண்டு விநாடியில் இறங்கிவிடும்மா என்றேன்.

ஒவ்வொரு படத்தையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நல்லாருக்குது," என்றாள்.

அப்புறம் வானத்தை அண்ணாந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, முந்தானையை எடுத்து என் தலைக்குமேல் நிழலுக்குப் பிடித்தாள். "வெயில் ஏறுது. நீ கெளம்பு சாமி."